ஓப்பன் சோர்ஸ் வேலைக்கு காசு வாங்குறது எப்படி? டெல்டாவுல உக்காந்து கோட் எழுதுறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜூன் 12 மேட்டூர் தொறக்குறதுக்கு முன்னாடி எங்க ஊர்ப்பக்கம் வாய்க்கா தூர்வாருற வேலை நடக்கும். மன்னார்குடிக்கு பக்கத்துல கரையில நின்னு அத பாத்துட்டு இருந்தப்பதான் ஒரு தம்பி போன் பண்ணான். "அண்ணே, பிடிஎஃப்ல இருந்து டேபிள மட்டும் எடுக்குற ஒரு பைதான் லைப்ரரிய மூணு வருஷமா நான் ஒருத்தனாத்தான் மெயின்டெய்ன் பண்றேன், பெங்களூர் கம்பெனிலாம் யூஸ் பண்றாங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பக் ஃபிக்ஸ் பண்றேன், அப்பா 'இதுல என்னடா வருது'ன்னு கேக்குறாரு, எனக்கு பதில் சொல்லத் தெரியலண்ணே." லைப்ரரின்னா அடுத்தவங்க தங்களோட சாஃப்ட்வேர்ல சேத்துக்கிற ரெடிமேட் கோட், அத பாத்துக்கிறவருதான் மெயின்டெய்னர். ஓப்பன் சோர்ஸ்னா யாரு வேணா கோட பாத்து மாத்தி பகிர்ந்துக்கலாம்னு திறந்து விட்ட சாஃப்ட்வேர். அவனுக்கு சொன்னதையும், போன்ல சொல்ல விட்டுப்போனதையும் சேத்து இங்க எழுதுறேன். நான் பத்து வருஷமா கும்பகோணத்துல இருந்து ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர வெச்சுத்தான் குடும்பம் நடத்துறேன், அதனால பண்ணிப் பாத்தத வெச்சு பேசுறேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கங்க. நம்ம ஊர்ல தண்ணி கல்லணை வரைக்கும் வந்துடும், தலைமடைக்காரங்க வயல் நிறையும், கடைமடையில வேதாரண்யம் பக்கம் நாத்து காய்ஞ்சு நிக்கும். ஓப்பன் சோர்ஸ்ல காசும் இப்படித்தான் இருக்கு. 2014ல ஹார்ட்ப்ளீட்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, உலகத்துல பாதி வெப்சைட்டோட பாதுகாப்ப தாங்கிட்டு இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்ங்குற சாஃப்ட்வேர்ல. அப்ப அந்த ப்ராஜெக்ட்டுக்கு நன்கொடையா வந்துட்டு இருந்தது வருஷத்துக்கு சுமார் 2000 டாலர்தான். 2024 மார்ச்ல வெளிய வந்தது எக்ஸ்இசட்ங்குற ஃபைல் சுருக்குற சாஃப்ட்வேரோட கதை, சம்பளம் இல்லாம தனியா பாத்து பாத்து ஓய்ஞ்சு போன ஒரு மெயின்டெய்னர்கிட்ட உதவி பண்றேன்னு ஒரு ஆள் ரெண்டு வருஷத்துக்கு மேல கூடவே இருந்து நம்பிக்கைய வாங்கி கடைசியில பின்வாசல் வெச்சுட்டுப் போனான். காசு இல்லாம இல்ல, நிறைய இருக்கு, கடைமடைக்கு வர்ற வாய்க்காதான் வெட்டல. கம்பெனிக்கு காசு குடுக்க ஒரு பில்லு வேணும், பில்லு போட ஒரு ஆள் வேணும், நம்மாளுங்க யாரும் பில்லே போடுறதில்ல. இந்த வழிகாட்டி முழுக்க அந்த பில்லு போடுற வேலையப் பத்திதான்.

முதல் படி: கணக்கு

ஒரு நோட்டு எடுங்க. ஒரு மாசம் முழுக்க ஓப்பன் சோர்ஸுக்கு போற நேரத்த எழுதுங்க, இஷ்யூக்கு (யூஸ் பண்றவங்க எழுதிப் போடுற பிரச்சினைக்கு) பதில் சொல்றது, அடுத்தவங்க கோட ரிவ்யூ பண்றது, டாக்குமென்ட் எழுதுறது எல்லாம் சேத்து. அந்த தம்பி எழுதிப் பாத்தப்ப 40 மணி நேரம் வந்துச்சு, அதுல கோட் எழுதுனது 11 மணி நேரம்தான், மிச்சம் எல்லாம் அடுத்தவங்களுக்கு பதில் சொன்னது. இந்த கணக்கு கையில இல்லாம யார்கிட்டயும் காசு பேச முடியாது. அதுக்கு பக்கத்துலயே வீட்டுச் செலவையும் எழுதுங்க. நான் ஆரம்பிச்சப்ப எங்க வீட்டுக்கு மாசம் 18,000 போதும், இதே சென்னையில இருந்திருந்தா வாடகைக்கே பத்தியிருக்காது, டெல்டாவுல சொந்த வீட்டுல உக்காந்து வேலை பாக்குறது நமக்கு இருக்குற பெரிய பலம், அத குறைச்சு நினைக்காதீங்க.

வேலையில இருக்குறவங்க அத உடனே விட வேணாம். ஆறு மாச செலவு கையில சேர்ற வரைக்கும் ரெண்டையும் ஓட்டுங்க. ஆனா உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர இன்னைக்கே எடுத்து படிங்க, வேலையில இருக்குறப்ப நீங்க எழுதுறது எல்லாம் கம்பெனிக்கு சொந்தம்னு ஒரு வரி நிறைய ஆர்டர்ல இருக்கும். இருந்தா எச்ஆர்கிட்ட மெயில்ல அனுமதி வாங்கி வெச்சுக்கங்க, வாய்வார்த்தை செல்லாது. உங்க கோட யாரு எப்படி யூஸ் பண்ணலாம்னு சொல்ற லைசென்ஸையும் ஒரு தடவ பாருங்க. எம்ஐடி, ஜிபிஎல் எதுவா இருந்தாலும் காசு வாங்குறதுக்கு தடை கிடையாது, "ஃப்ரீ சாஃப்ட்வேர்னா காசு வாங்கக்கூடாது"ன்னு நினைக்கிறவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க, அது தப்பு. கோட பாக்கலாம் மாத்தலாம் பகிரலாம்ங்குற சுதந்திரம்தான் அங்க பேச்சு.

ரெண்டாவது படி: இப்பதான் ஆரம்பிக்கிறீங்கன்னா ஸ்டைபெண்ட்

காலேஜ்ல படிக்கிறவங்க, இப்பதான் முடிச்சவங்க இங்க இருந்து ஆரம்பிங்க. ஸ்டைபெண்ட் குடுத்து ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல வேலை பாக்க வெக்கிற கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005ல இருந்து நடக்குது, 2022ல இருந்து ஸ்டூடண்ட்டா இருக்கணும்னு இல்ல, 18 வயசு முடிஞ்ச புது ஆள் யாரும் போடலாம். ஸ்டைபெண்ட் நாட்டுக்கு நாடு மாறும், இந்தியாவுல இருந்து பண்றவங்களுக்கு 175 மணி நேர ப்ராஜெக்ட்டுக்கு 1500 டாலர், 350 மணி நேரத்துக்கு 3000 டாலர்ங்குற அளவுல குடுத்திருக்காங்க. அவுட்ரீச்சின்னு இன்னொரு திட்டம், மூணு மாசத்துக்கு 7000 டாலர், டெக் துறையில வாய்ப்பு கம்மியா கிடைக்கிறவங்களுக்காகவே நடத்துறது, நம்ம ஊர் பொண்ணுங்க இத கண்டிப்பா பாக்கணும், வீட்டுல இருந்தே பண்ணலாம், வெளியூர் ஹாஸ்டல்னு வீட்டுல தயங்குற பிரச்சினையே வராது. லினக்ஸ் ஃபவுண்டேஷனோட எல்எஃப்எக்ஸ் மென்டார்ஷிப்பும் இருக்கு.

எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு, ப்ரொபோசல் போடுற மாசம்தான் அந்த ப்ராஜெக்ட் பக்கமே போறது. மார்ச்ல அப்ளை பண்ணணும்னா முந்தின தீபாவளிக்கே அந்த கம்யூனிட்டில போய் சின்னதா ரெண்டு மூணு பேட்ச் (கோட்ல திருத்தம்) போட்டு வெச்சிருக்கணும். நாத்து விடாம நடவுக்கு போக முடியுமா?

மூணாவது படி: ஸ்பான்சர் பட்டன்

இது ஒரு சாயங்காலத்து வேலை. ஓப்பன் சோர்ஸ் கோட் வெக்கிற கிட்ஹப் வெப்சைட்ல உங்க ரெப்போல, அதாவது ப்ராஜெக்ட்டோட கோட் இருக்குற இடத்துல, டாட் கிட்ஹப் ஃபோல்டருக்குள்ள ஃபண்டிங் டாட் ஒய்எம்எல்னு ஒரு ஃபைல் போட்டா மேல ஸ்பான்சர் பட்டன் வந்துடும். கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் 2019ல வந்தது, இந்தியாவுல இருந்தும் சேரலாம், தனி ஆள் குடுக்குறதுல கமிஷன் பிடிக்க மாட்டாங்க, கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து வந்தா 6% வரைக்கும் போகும். சேர்றப்ப டபிள்யூ-8பென்னு ஒரு அமெரிக்க வரி ஃபார்ம் கேக்கும், பயப்படாதீங்க, நான் அமெரிக்கன் இல்லன்னு சொல்ற ஃபார்ம்தான் அது.

பட்டன் வெக்கிறத விட அதுக்கு மேல என்ன எழுதுறீங்கங்குறதுதான் முக்கியம். தம்பியோட ரீட்மீல (ப்ராஜெக்ட்ட அறிமுகப்படுத்துற பக்கம்) கடைசி வரியில "இந்த ப்ராஜெக்ட் பிடிச்சிருந்தா ஒரு காபி வாங்கிக் குடுங்க"ன்னு இருந்துச்சு. அத நானும் அவனும் உக்காந்து மாத்துனோம். "இந்த லைப்ரரிக்கு மாசம் 40 மணி நேரம் வேலை இருக்கு. வருஷா வருஷம் அக்டோபர்ல வர்ற புது பைதானுக்கு ரெண்டு வாரத்துல சப்போர்ட், செக்யூரிட்டி பிரச்சினைக்கு மூணு நாளுல பதில். இது நிக்காம நடக்க மாசம் 25,000 ரூபாய் வேணும், இப்ப வர்றது 1,200." இத மேல, இன்ஸ்டால் பண்றது எப்படிங்குறதுக்கு அடுத்தே வெச்சோம். காபி காசு ஒரு தனி மனுஷன் பாக்கெட்ல இருந்து வர்றது. வேலைக்கான காசு கம்பெனி பட்ஜெட்ல இருந்து வர்றது. நமக்கு ரெண்டாவதுதான் வேணும்.

ஒரு ப்ராஜெக்ட்ல நாலஞ்சு பேர் இருக்கீங்கன்னா ஓப்பன் கலெக்டிவ் பாருங்க, வரவு செலவு எல்லாம் எல்லாருக்கும் தெரியிற மாதிரி திறந்து இருக்கும், ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ்னு ஒரு அமைப்பு உங்களுக்கு பதிலா காச வாங்கி வெச்சுக்கும், 10% எடுத்துக்கும், நீங்க பில் போட்டு உங்க பங்க எடுத்துக்கலாம். கோட் எழுதுறவங்களுக்கு மட்டும்னு இல்லாம மொழிபெயர்க்கிறவங்க, டாக்குமென்ட் எழுதுறவங்க, இஷ்யூவ பிரிச்சு அடுக்குறவங்க எல்லாருக்கும் இதுல பங்கு வைங்க. தமிழ்ல ஒரு சாஃப்ட்வேர் மெனு ஒழுங்கா வர்றதுக்கு பின்னாடி எத்தனை பேர் ராத்திரி முழிச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும், அவங்க பேர் காசு கணக்குல வர்றதே இல்ல, அது எனக்கு ரொம்ப நாளா இருக்குற மனவருத்தம்.

உண்மைய சொல்லிடுறேன், ஸ்பான்சர் காச மட்டும் நம்பி குடும்பம் நடத்துறவங்க கொஞ்ச பேர்தான். லைவ்வயர்ங்குற வெப்சைட் செய்யிற டூல எழுதுன கேலப் போர்சியோ 2020ல வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர தொட்டாரு, ஆனா அவரு ஸ்பான்சர் பண்றவங்களுக்கு மட்டும்னு வீடியோ பாடம் எல்லாம் போட்டுத்தான் அங்க வந்தாரு. சும்மா பட்டன் வெச்சா மாசம் டீ செலவுக்கு வரும்.

நாலாவது படி: கம்பெனிக்கு நேரா பில்லு

யாரு உங்க கோட யூஸ் பண்றாங்கன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கிட்ஹப்ல "யூஸ்ட் பை"ன்னு ஒரு பகுதி இருக்கு, அது ஒரு வழி. இஷ்யூ போடுறவங்களோட ப்ரொஃபைல பாருங்க, நிறைய பேர் கம்பெனி பேர் போட்டிருப்பாங்க. இன்னொண்ணு யாரும் யோசிக்க மாட்டாங்க, மொபைல் ஆப்ல செட்டிங்ஸுக்குள்ள "ஓப்பன் சோர்ஸ் லைசென்சஸ்"னு ஒரு பக்கம் இருக்கும், அதுல எந்தெந்த லைப்ரரி உள்ள இருக்குன்னு அவங்களே எழுதி வெச்சிருப்பாங்க. தம்பி இப்படித்தான் ஒரு சரக்கு லாரி கம்பெனியோட ஆப்ல தன்னோட லைப்ரரிய பாத்தான்.

அப்புறம் அவங்க இன்ஜினியரிங் மேனேஜருக்கு ஒரு சின்ன மெயில், "உங்க ஆப்ல என் லைப்ரரி இருக்கு, சந்தோஷம். வருஷ சப்போர்ட் குடுக்குறேன், உங்க டீம் போடுற பக்குக்கு ரெண்டு வேலை நாளுல பதில், பெரிய மாத்தம் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி தகவல், வருஷத்துக்கு இவ்வளவு, இன்வாய்ஸ் அனுப்பட்டுமா?" அவ்வளவுதான். நன்கொடை, ஆதரவு, உதவிங்குற வார்த்தையே வரக்கூடாது. ரேட்டு எப்படி வெக்கிறதுன்னு கேட்டீங்கன்னா, உங்க லைப்ரரி நின்னு போச்சுன்னா அவங்க இன்ஜினியர் ஒருத்தர் எத்தனை நாள் உக்காந்து சரி பண்ணணும்னு யோசிங்க, அந்த சம்பளத்துல பாதிய கேளுங்க. கேக்குறதுக்கு கூச்சமாத்தான் இருக்கும், எனக்கும் முதல் மெயில் அனுப்ப பதினஞ்சு நாள் ஆச்சு. பத்துக்கு எட்டு பேர் பதில் போட மாட்டாங்க, மிச்ச ரெண்டு பேர்தான் வாழ்க்கை.

இது புதுசா நான் கண்டுபிடிச்ச வழி இல்ல. உங்க போன்ல, டிவியில, கார்ல எல்லாம் ஓடுற, நெட்ல டேட்டா அனுப்பி வாங்குற கர்ல் இருக்குல்ல, அத எழுதுன டேனியல் ஸ்டென்பெர்க் 2019ல இருந்து உல்ஃப்எஸ்எஸ்எல்ங்குற கம்பெனி வழியா கர்லுக்கு சப்போர்ட் குடுத்துத்தான் முழுநேரமா அதையே பாக்குறாரு. கம்பெனிங்க பக்கமும் ஓப்பன் சோர்ஸ் ப்ளெட்ஜ்னு 2024ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சேர்ற கம்பெனி ஒரு டெவலப்பருக்கு வருஷம் 2000 டாலர்ங்குற கணக்குல மெயின்டெய்னர்களுக்கு குடுக்கணும். அதுல சேந்த கம்பெனிங்க பேர் எல்லாம் வெளிப்படையா இருக்கு, அவங்களுக்கு முதல் மெயில் போடுங்க.

அஞ்சாவது படி: உள்ளூர் வேலை

எனக்கு சோறு போட்டது இதுதான், அதனால கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைன்னு காலேஜ், பள்ளிக்கூடம், ரைஸ் மில், நகைக்கடை, பாத்திர பட்டறைன்னு எத்தனை இருக்கு. நூலகத்துக்கு கோஹா, பாடத்துக்கு மூடுல், கணக்குக்கும் ஸ்டாக்குக்கும் ஈஆர்பிநெக்ஸ்ட். எல்லாம் ஓப்பன் சோர்ஸ், எல்லாத்துக்கும் போட்டு குடுத்து பாத்துக்க ஆள் வேணும்.

என் முதல் கோஹா வேலை ஒரு கலைக்கல்லூரி நூலகம். நூலகர் அம்மா நாப்பதாயிரம் புத்தகத்தோட விவரத்த எக்ஸெல்ல வெச்சிருந்தாங்க, பாதி பாமினிங்குற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சது, அத அப்படியே ஏத்துனா கோஹால இங்கிலீஷ் எழுத்து குப்பையா வந்து நின்னுச்சு. எல்லா கம்ப்யூட்டர்லயும் தமிழ் தமிழாவே தெரியிற யூனிகோடுக்கு மாத்துறதுக்கு ஸ்க்ரிப்ட் எழுதி, மாறாத எழுத்த எல்லாம் அவங்க பழைய அக்சஷன் ரிஜிஸ்தர வாசிக்க வாசிக்க நான் கையால திருத்துனேன், மூணு வாரம் போச்சு. அப்புறமும் "பொன்னி"ன்னு தேடுனா ஒண்ணும் வரல. கோஹாவுல தேடித் தர்ற ஜீப்ரா இன்டெக்ஸ் சிஎச்ஆர்ங்குற செட்டிங்ல இருந்துச்சு, தமிழுக்கு அத ஐசியூங்குற செட்டிங்குக்கு மாத்தணும், மாத்தி ராத்திரி முழுக்க ரீஇன்டெக்ஸ் விட்டு காலையில அவங்க வந்து தேடுனப்ப வரிசையா புத்தகம் வந்துச்சு. அந்த அம்மா கண்ணாடிய கழட்டி தொடச்சுட்டு மறுபடி மாட்டிப் பாத்தாங்க.

அதுக்கப்புறம் அலுவலகத்துல கேட்டாங்க, "சாஃப்ட்வேர் ஃப்ரீதானே தம்பி, எதுக்கு 45,000?" அன்னைக்கு நான் சொன்னத இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டு இருக்கேன், "ஆத்துத்தண்ணி ஃப்ரீதான் சார், வாய்க்கா வெட்டுறவங்களுக்கு கூலி உண்டுல்ல." கொட்டேஷன்ல சாஃப்ட்வேர்னு ஒரு வரி போட்டு அதுக்கு நேரா பூஜ்யம்னு எழுதுங்க, கீழ டேட்டா மாத்துறது, சர்வர், பார்கோடு, ரெண்டு நாள் ட்ரெய்னிங், பேக்கப்னு தனித்தனியா ரேட்டு போடுங்க. காசு எதுக்குன்னு பாத்தாலே தெரிஞ்சுடும். அதுக்கு மேல வருஷாவருஷம் ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தம்), அதுதான் உண்மையான வருமானம், பத்து இடத்துல ஏஎம்சி இருந்தா மாசச் சம்பளம் மாதிரி.

இதுல ஒரு கட்டுப்பாடு எனக்கு நானே வெச்சிருக்கேன். உள்ளூர் வேலைக்காக எழுதுன திருத்தம், தமிழ் மொழிபெயர்ப்பு எல்லாத்தையும் மூல ப்ராஜெக்ட்டுக்கே அனுப்பிடுவேன், அந்த நேரத்தையும் பில்லுலயே "மூலத்தோட சேக்குறது"ன்னு ஒரு வரியா போடுவேன். அப்படி சேத்தாத்தான் அடுத்த வெர்ஷன் வர்றப்ப திரும்ப உடையாதுன்னு வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொன்னா ஒத்துக்கறாங்க. ஓப்பன் சோர்ஸ்ல இருந்து சம்பாதிக்கிறதுக்கும் ஓப்பன் சோர்ஸ் வேலைக்கே சம்பளம் வாங்குறதுக்கும் நடுவுல இருக்குற பாலம் இந்த ஒரு வரிதான்.

ஆறாவது படி: மானியம்

ஏற்கனவே நாலு பேர் யூஸ் பண்ற ப்ராஜெக்ட் இருந்தா இதுக்கு போடுங்க. ஷேர் ட்ரேடிங் கம்பெனி ஜீரோதா 2024 அக்டோபர்ல ஃப்ளாஸ் ஃபண்ட்னு ஆரம்பிச்சாங்க, வருஷம் பத்து லட்சம் டாலர், ஒரு ப்ராஜெக்ட்டுக்கு 10,000ல இருந்து ஒரு லட்சம் டாலர் வரைக்கும். ஃபண்டிங் டாட் ஜேசன்னு ஒரு ஃபைல் உங்க ரெப்போல வெச்சு அப்ளை பண்ணணும். ஃபாஸ் யுனைடெட்ங்குற இந்திய ஓப்பன் சோர்ஸ் அமைப்பு நம்ம நாட்டு ப்ராஜெக்ட்டுகளுக்கு சின்ன மானியம் குடுக்குறாங்க, முதல்ல இங்க முயற்சி பண்ணுங்க. நெதர்லாந்துல என்எல்நெட்ங்குற அமைப்பு 5,000 யூரோல இருந்து 50,000 வரைக்கும், வேலைய துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொண்ணா முடிக்க முடிக்க காசு வரும். எந்த மானியத்துக்கும் "என்ன பண்ணப் போறேன்"ங்குறத விட "எத்தனை நாளுல எது முடியும், எப்படி சரிபாக்கலாம்"ங்குறதுதான் படிப்பாங்க.

ஏழாவது படி: காசு கைக்கு வர்றது

இதுல கோட்டை விட்டு நான் பட்டிருக்கேன். முதல் தடவ வெளிநாட்டுல இருந்து 600 டாலர் வந்தப்ப எங்க ஊர் பேங்க் ஒண்ணுல பத்தொன்பது நாள் அப்படியே நிறுத்தி வெச்சாங்க, எதுக்கு வந்த காசுன்னு கேட்டா நான் "ஓப்பன் சோர்ஸ் டொனேஷன்"னு எழுதிட்டேன். அங்க ஆரம்பிச்சது வினை. நன்கொடைன்னா கேள்வி வேற, சர்வீஸ்னா கேள்வி வேற. மேனேஜர் டேபிளுக்கு நாலு தடவ நடந்தப்புறம்தான் எதுக்கு வந்த காசுன்னு பேங்குக்கு சொல்ற பர்பஸ் கோட்னு ஒரு நம்பர் இருக்குறதே தெரிஞ்சுது, சாஃப்ட்வேர் கன்சல்டன்சிக்கு பி0802. இன்வாய்ஸ் ஒண்ணு, பர்பஸ் கோட் ஒண்ணு, ரெண்டும் குடுத்ததும் மறுநாள் அக்கவுண்ட்ல ஏறிடுச்சு. அதனால வேலை பாத்துக் குடுத்த காசுக்கு எப்பவும் இன்வாய்ஸ் போடுங்க, ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டு காசு வந்ததுக்கு பேங்க் குடுக்குற ஃபைரா சான்றிதழ் கேட்டு வாங்கி ஃபைல்ல வைங்க, வரி கணக்கு காட்டுறப்ப அதுதான் சாட்சி.

வேலைக்கு ஈடா இல்லாம சும்மா பரிசா வர்ற பணம் வருஷத்துக்கு 50,000 தாண்டுனா முழுசுக்கும் வரி உண்டு. சர்வீஸ் வருமானம் வருஷம் 20 லட்சம் தாண்டுனா ஜிஎஸ்டி பதிவு. மொத்த வரவுல பாதிய லாபம்னு காட்டுற ப்ரிசம்ப்டிவ் முறை இருக்கு, உங்க வேலை அதுக்குள்ள வருமான்னு ஆடிட்டர ஒரு தடவ நேர்ல பாத்து கேளுங்க, அந்த ஃபீஸ மிச்சம் பிடிக்காதீங்க. முக்கியமா, நாலு பேர் சேந்து ஆர்வத்துல ட்ரஸ்ட் பதிஞ்சு அது பேர்ல வெளிநாட்டு நன்கொடை வாங்க ஆரம்பிச்சுடாதீங்க, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) பதிவு இல்லாம அது சட்டப்படி குத்தம்.

மத்திய அரசோட உத்யம் சிறுதொழில் பதிவு இலவசம், ஆன்லைன்லயே பத்து நிமிஷம். அத பண்ணி வெச்சா நீங்க சிறு தொழில் கணக்குல வந்துடுவீங்க, அப்புறம் நம்ம நாட்டு கம்பெனி எழுத்துல ஒப்பந்தம் போட்டிருந்தா 45 நாளுக்குள்ள, ஒப்பந்தமே இல்லன்னா 15 நாளுக்குள்ள காசு குடுத்தாகணும், இல்லன்னா வட்டியோட.

நீங்க கோட் எழுதுறவரு இல்ல, ஆனா இதுல உதவணும்னா

தஞ்சாவூர்ல டைடல் நியோங்குற ஐடி பார்க் 2024ல வந்தாச்சு, சின்ன கம்பெனிங்க நிறைய வருது. கம்பெனி வெச்சிருக்கிறவங்க உங்க டீம்கிட்ட நாம எந்தெந்த ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி மேல நிக்கிறோம்னு ஒரு லிஸ்ட் கேளுங்க, அதுல சின்னதா ஒருத்தர் ரெண்டு பேர் பாக்குறத மட்டும் தேர்ந்தெடுத்து வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்குங்க. காலேஜ் நடத்துறவங்க, வருஷாவருஷம் லைசென்ஸுக்கு கட்டுற பணத்துல கால்வாசிய ஒரு உள்ளூர் ஆளுக்கு ஏஎம்சியா குடுத்தா அந்த பிள்ளை சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்ல. வீட்டுப் பெரியவங்க, பிள்ளை லேப்டாப்புக்கு முன்னாடி ராத்திரி உக்காந்திருந்தா "என்ன வருது"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "யாருக்கு உதவுது"ன்னு கேளுங்க, அவங்க சொல்ற பதில்லயே யாருக்கு பில்லு போடணும்ங்குறதும் இருக்கும்.

தம்பி அந்த லாரி கம்பெனிக்கு வருஷ சப்போர்ட்டுக்கு 60,000க்கு இன்வாய்ஸ் அனுப்பிட்டான், ஒத்துக்கிட்டு ஒப்பந்தமும் கையெழுத்து போட்டுட்டாங்க. காசு இன்னும் வரல, வர்ற வெள்ளிக்கிழமையோட 45 நாள் முடியுது. நேத்து போன் பண்ணி "கேட்டா கோச்சுப்பாங்களாண்ணே"ன்னான். உத்யம் நம்பர மேல போட்டு, இன்வாய்ஸ் தேதியையும் கெடு தேதியையும் ரெண்டு வரியில எழுதி, மேனேஜருக்கு இல்லாம அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு திங்கக்கிழமை காலையில அனுப்புடான்னு சொல்லியிருக்கேன்.